காயில், பின், பேட்டரி: மெக் மாட் பற்றி வாசகர்கள் கேட்டவை

வேப் கருவிகளில், அதாவது மின்சிகரெட்டுகளில், ‘மெக் மாட்’ எனப்படும் வகைக்குள் சர்க்யூட் போர்டு கிடையாது. ஓர் உலோகக் குழாய், உள்ளே பேட்டரி, அடியில் பட்டன், மேலே ஆட்டோமைசர், அதாவது ‘ஜூஸ்’ எனப்படும் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளை (காயில்) பூட்டிய பகுதி, அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் பேட்டரி தரக்கூடிய மின்சாரம் அப்படியே காயிலுக்குப் போகும். ஷார்ட் ஆனால் நிறுத்தவோ, சூடு ஏறினால் அணைக்கவோ, பேட்டரி வடிந்தால் எச்சரிக்கவோ உள்ளே எதுவும் இல்லை. வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கேள்வியும் இதில் உண்டு.

நண்பர் 0.12 ஓம் காயில் கட்டித் தந்தார். பேட்டரியில் 30 ஆம்ப் என்று அச்சிட்டிருப்பதால் பயப்பட வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது சரியா?
*வாசகர், கிள்ளான்*

சரியில்லை. கணக்கு எளிது: பேட்டரியின் வோல்ட்டைக் காயிலின் ஓமால் வகுத்தால் ஓடும் ஆம்ப் கிடைக்கும். முழுதாக சார்ஜ் ஆன லித்தியம் அயான் பேட்டரி 4.2 வோல்ட். 4.2-ஐ 0.12-ஆல் வகுத்தால் 35 ஆம்ப். உங்கள் பேட்டரியில் எழுதியிருக்கும் எண்ணையே நம்பினாலும் அதை 5 ஆம்ப் தாண்டிவிட்டீர்கள்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. பேட்டரிக்கு இரண்டு வகை வரம்பு சொல்வார்கள். இடைவிடாமல் இழுத்தாலும் தாங்கும் தொடர் வரம்பு ஒன்று. சில விநாடிகள் மட்டும் தாங்கும் நொடி வரம்பு இன்னொன்று. வேறு கம்பெனியின் பேட்டரியை மொத்தமாக வாங்கித் தங்கள் உறையைப் போட்டு விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். நல்ல கம்பெனி எண்ணிலும் நிபந்தனை இருக்கும். சோனி விடிசி6-க்குச் சொல்லப்படும் 30 ஆம்ப், பேட்டரி 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. நிபந்தனை இல்லாத தொடர் வரம்பு 15 ஆம்ப்தான். 80 டிகிரியில் நிறுத்த மெக் மாடுக்குள் யாரும் இல்லை. ஆகவே அந்தப் பேட்டரியை மெக் மாடில் போட்டால் பொருந்துவது 15.

ஓம் மீட்டரின் பிழையும் இதில் சேரும். நல்ல மீட்டரே 0.02 ஓம் இப்படியோ அப்படியோ காட்டும். 0.5 ஓம் காயிலில் அது பொருட்டில்லை. 0.12 என்று காட்டிய காயில் உண்மையில் 0.10 ஆக இருந்தால் 35 ஆம்ப் 42 ஆகிவிடும். ஓம் குறையக் குறைய, அதே சிறு பிழை பல மடங்கு ஆம்ப்பாக மாறுகிறது. குறைந்த ஓம் காயிலின் அடிப்படை ஆபத்து இதுதான். திரையில் தெரியும் எண்ணுக்கும் உள்ளே ஓடும் மின்சாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி உங்கள் கண்ணில் படாது.

‘சுமை ஏறினால் பேட்டரியின் வோல்ட் இறங்கிவிடும், அதனால் கணக்குக் காட்டும் ஆம்ப் உண்மையில் ஓடாது’ என்று சிலர் வாதிப்பார்கள். பாதி உண்மை. வோல்ட் இறங்கத்தான் செய்யும். ஆனால் அப்படி இறங்கிய வோல்ட் பேட்டரிக்குள்ளேயே சூடாக மாறுகிறது. உள்மின்தடை 20 மில்லிஓம் உள்ள பேட்டரியிலிருந்து 28 ஆம்ப் இழுத்தால், கட்டைவிரல் பருமனுள்ள அந்த உருளைக்குள் 15 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: கைவசம் உள்ள பேட்டரியின் தொடர் வரம்பைத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் பாருங்கள். சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 இரண்டும் 20 ஆம்ப். 4.2-ஐ 20-ஆல் வகுத்தால் 0.21 ஓம். இது விளிம்பு. விளிம்பில் நிற்காதீர்கள். 20 ஆம்ப் பேட்டரிக்கு 0.3 ஓமுக்குக் கீழே போக வேண்டாம்; அப்போது 14 ஆம்ப்தான் ஓடும், மீட்டர் பிழைக்கும் பேட்டரியின் வயதுக்கும் இடம் இருக்கும். 18650 (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம்) பேட்டரி ஒன்று மட்டும் போடும் மாடில் 0.2-க்குக் கீழே எவரும் இறங்கத் தேவையில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து. அங்கே கிடைக்கும் கூடுதல் புகை அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

பழைய பாக்ஸ் மாடில் போட்டிருந்த டேங்கை எடுத்து மெக் மாடில் பூட்டினேன். மரை சரியாகப் பொருந்துகிறது. கடைக்காரர் பார்த்ததும் பதறிக் கழற்றிவிட்டார். ஏன்?
*வாசகர், ஸ்கார்பரோ*

அந்தக் கடைக்காரர் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

டேங்க் என்பது ஜூஸ் தொட்டி கொண்ட ஆட்டோமைசர். ஆட்டோமைசரை மாடில் பூட்டும், 510 எனப்படும் அடி மரையில் இரண்டு பகுதிகள். நடுவில் இருக்கும் பின் நேர்முனை. அதைச் சுற்றியுள்ள மரை எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இன்சுலேட்டர். பாக்ஸ் மாட் போன்ற, சர்க்யூட் போர்டு உள்ள சாதாரண மாடில் இந்தப் பின்னுக்கும் பேட்டரிக்கும் இடையே மாடின் சொந்தத் தொடுமுனை ஒன்று இருக்கும். ‘ஹைப்ரிட்’ மூடி கொண்ட மெக் மாடில் அது கிடையாது. ஆட்டோமைசரின் பின் நேராகப் பேட்டரியின் தலையில் உட்காரும்.

பின், மரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின் மட்டும் பேட்டரியைத் தொடும். அதுதான் சரி. பின் மரைக்குச் சமமாகவோ உள்ளடங்கியோ இருந்தால், மரையின் விளிம்பு பேட்டரியின் நேர்முனையைத் தொட்டுவிடும். அந்த நிலையில் பட்டனை அழுத்தினால் மின்சாரம் காயில் பக்கமே போகாமல் குழாய் வழியாக எதிர்முனைக்குத் திரும்பும். முழு ஷார்ட். வழியில் இருக்கும் மின்தடை 0.03 ஓம் என்றாலே 140 ஆம்ப். இன்னும் மோசமான நிலையும் உண்டு. பேட்டரியின் தலையில் நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பே எதிர்முனைதான். அதை மூடியிருப்பது மெல்லிய காகித வளையமும் பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. முறுக்கிப் பூட்டும்போது மரை அந்த வளையத்தை நசுக்கிவிட்டால் பட்டனை அழுத்தாமலே ஷார்ட் ஆகும்.

கடையில் காயில் வாங்கிப் போடும் டேங்குகளில் பின் பெரும்பாலும் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருக்கும். வெளியே நீட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும் அழுத்தினால் உள்ளே போய்விடும். ஸ்பிரிங் வைத்த பின்னும் அப்படியே. அதனால் ஹைப்ரிட் மாடில் அத்தகைய டேங்க் எதுவும் கூடாது. அசையாத, மரையைத் தாண்டிக் குறைந்தது அரை மில்லிமீட்டராவது, முடிந்தால் 1 மில்லிமீட்டர் நீட்டிய பின் கொண்ட ஆர்டிஏ (காயிலை நாமே கட்டி, பஞ்சில் ஜூஸைச் சொட்டும் ஆட்டோமைசர்) மட்டும்தான்.

சோதிக்கும் முறை: ஆட்டோமைசரைக் கழற்றிப் பின்னைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மரைக்கு மேலே பின் தெளிவாகத் தெரிய வேண்டும். நகத்தால் பலமாக அழுத்துங்கள், அசையக் கூடாது. பிறகு காயில் இல்லாத நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பின்னிலும் மறுமுனையை மரையிலும் வையுங்கள். தொடர்பே காட்டக் கூடாது. ‘பீப்’ ஒலி வந்தால் இன்சுலேட்டர் போய்விட்டது என்று பொருள். அந்த ஆட்டோமைசரை ஒதுக்கிவிடுங்கள். சுத்தம் செய்யக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பின்னைப் பாருங்கள். காயில் திருகாணியை முறுக்கும்போது பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உள்ளே போவது வழக்கமாக நடப்பது.

எப்போதும் கட்டும் அதே காயிலைத்தான் கட்டினேன். வயரை மட்டும் மாற்றினேன். இப்போது பேட்டரி கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது.
*வாசகர், லெஸ்டர்*

வடிவம் அதேதான், வயர் வேறு. அதனால் ஓமும் வேறு. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறோம். 24 கேஜ் வயர், அதாவது 0.51 மில்லிமீட்டர் தடிமன்; 3 மில்லிமீட்டர் கம்பியில் 6 சுற்று; கால்களுக்கு, அதாவது காயிலின் இரு முனைகளுக்கு, 10 மில்லிமீட்டர். மொத்தம் ஏறக்குறைய 76 மில்லிமீட்டர் வயர்.

‘காந்தல்’ என்னும் உலோகக் கலவை வயரில் இது ஒரு காயிலுக்குச் சுமார் 0.54 ஓம் வரும். இரட்டைக் காயிலாகப் பூட்டினால் பாதியாகி 0.27, ஓடுவது 15.6 ஆம்ப். அதே அளவில் நிக்ரோம் 80 வயர் போட்டால் காயில் ஒன்றுக்கு 0.41, இரட்டையில் 0.2, கிட்டத்தட்ட 21 ஆம்ப். எஸ்எஸ்316எல் என்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் இரட்டையில் 0.14 ஓம், 30 ஆம்ப். கையில் ஒரு மாற்றமும் தெரியாது. சுற்றுகளின் எண்ணிக்கை அதே. ஆனால் பேட்டரியின் சுமை இரண்டு மடங்கு. போதாததற்கு, ஸ்டீல் வயரின் மின்தடை குளிர்ந்திருக்கும்போது குறைவு, சூடானால் ஏறும். அதனால் பட்டனை அழுத்திய முதல் கணத்தில்தான் அது அதிகம் இழுக்கும்.

ரெடிமேட் காயில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாக்கெட்டில் 0.3 ஓம் என்று இருந்தால் அது ஒரு காயிலுக்கு. இரண்டைப் பூட்டினால் 0.15. ‘ஃப்யூஸ்டு கிளாப்டன்’ போன்றவற்றில் உள்ளே பல கம்பிகள் ஒன்றாக ஓடுவதால் தொடக்கத்திலேயே ஓம் குறைவு.

நிக்கல் 200, டைட்டேனியம் வயர் இரண்டும் வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள கருவிகளுக்கு உரியவை. மெக் மாடில் அவற்றுக்கு இடமே இல்லை.

பேட்டரி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பிடிக்க முடியாமல் சுட்டால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்தக் காயிலை இன்றே கழற்றுங்கள். அப்படிச் சூடான பேட்டரியையும் இனி மெக் மாடில் போடாதீர்கள்.

காயில் ஓமை அளக்க என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. போதுமா?
*வாசகர், பெட்டாலிங் ஜெயா*

ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கப் போதும். ஓம் அளக்கப் போதாது. மல்டிமீட்டரின் இரண்டு வயர்களுக்கே 0.2 முதல் 0.5 ஓம் வரை மின்தடை இருக்கும். நீங்கள் அளக்க வந்த காயிலைவிட அது பெரிது. 510 மரை வைத்த ஓம் மீட்டர் தனியாக விற்கிறது. அது இல்லையென்றால் சர்க்யூட் போர்டு உள்ள பாக்ஸ் மாடில் ஆட்டோமைசரைப் பூட்டிப் பாருங்கள். திரையில் ஓம் காட்டும், ஷார்ட் இருந்தால் மின்சாரம் தராமல் நின்றுவிடும். நாங்கள் இந்த இரண்டாவது வழியையே அதிகம் விரும்புகிறோம், ஏனென்றால் காயிலைச் சூடாக்கிப் பார்க்கும் வேலையையும் அதிலேயே முடித்துவிடலாம்.

வரிசை இது. காயிலைப் பூட்டித் திருகாணிகளை நன்றாக இறுக்கி, வெளியே நீட்டும் கால்களை ஒட்ட வெட்டுங்கள். ஓம் பாருங்கள். குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்தி, இரண்டு காயிலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராகச் சிவக்கின்றனவா என்று பாருங்கள். ஆறிய பிறகு திருகாணிகளை மறுபடி இறுக்குங்கள். சூட்டில் வயர் விரிந்து சுருங்கிப் பிடி தளர்ந்திருக்கும். பிறகு பஞ்சு வைத்து, ஜூஸ் ஊற்றி, மேல் மூடியைப் போட்டு இன்னொரு முறை ஓம் பாருங்கள். மூடி போட்ட பின் எண் மாறினால், காயிலோ அதன் காலோ மூடியின் உட்புறத்தைத் தொடுகிறது. காயிலுக்கும் மூடிக்கும் நடுவே குறைந்தது 1 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எண் குதித்துக்கொண்டே இருந்தால் திருகாணி தளர்வு. நிலையான எண் கிடைக்கும்வரை அந்த ஆட்டோமைசர் மெக் மாடின் பக்கம் போகக் கூடாது.

பேட்டரி உறையில் சின்னக் கீறல். மேலே செலோடேப் ஒட்டினால் போதாதா?
*வாசகி, லண்டன்*

போதாது. பேட்டரியின் நேர்முனை தலையில் உள்ள அந்தச் சிறு வட்டம் மட்டும்தான். மீதி உடம்பு முழுவதும் எதிர்முனை. மாடின் குழாயும் மின்பாதைதான். உறை பக்கவாட்டில் கிழிந்து பேட்டரியின் உடம்பு குழாயைத் தொட்டால், பட்டன் இருந்தும் இல்லாத கதை. அழுத்தாமலே காயில் எரியத் தொடங்கும், சட்டைப்பையில் இருந்தாலும் எரியும். தலைப்பக்கம் கிழிந்திருந்தால் நேரடி ஷார்ட்.

புதிய உறை மிக மலிவு. பழையதை நகத்தால் உரித்தெடுங்கள், கத்தி வைக்காதீர்கள். தலையில் காகித வளையத்தை மறக்காமல் வைத்துப் புதிய உறையை மாட்டி, ஹேர் டிரையரின் வெப்பக் காற்றைச் சில விநாடிகள் காட்டினால் இறுகிக்கொள்ளும். உரித்த பிறகு உலோகத்தில் நசுங்கல் தெரிந்தால் உறை மாற்றிப் பயனில்லை, பேட்டரியையே கழித்துவிடுங்கள்.

பேட்டரி சுடவில்லை, அடியில் பட்டன் மட்டும் சுடுகிறது. சில நேரம் அழுத்தினால் சிக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்புகிறது.
*வாசகர், ஈப்போ*

பட்டன் சுடுவது, அங்கே தொடுப்புச் சரியில்லை என்பதற்கு அடையாளம். கரி படிந்த தொடுமுனை, தேய்ந்த மரை, மின்சாரம் ஓடும் ஸ்பிரிங், இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஸ்பிரிங் வழியாக 20 ஆம்ப் ஓடினால் அது பழுத்து, விறைப்பு இழந்து, அமுங்கியே நின்றுவிடும். உங்கள் பட்டன் மெதுவாகத் திரும்புவது அதன் முதல் கட்டம். முழுதாகச் சிக்கினால் நிறுத்த வழியில்லை.

மாடை முழுக்கப் பிரித்து, தொடுமுனைகளையும் மரைகளையும் ஐசோபிரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் போன பிறகு பூட்டுங்கள். கறை போகாவிட்டால் பித்தளை அல்லது செம்புக்கான பாலிஷ் போட்டுத் துடைத்து, மறுபடி ஆல்கஹாலால் கழுவுங்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை இழுத்துவிட்டுப் போடுவது வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். காந்தம் வைத்த பட்டனில் இந்தத் தொல்லை குறைவு. பூட்டு வளையம் உள்ள மாடாக இருந்தால் கையிலிருந்து கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டுங்கள். வளையம் இல்லாத மாடை நிமிர்த்தி வைத்தாலே சொந்த எடையில் பட்டன் அமுங்கக்கூடும். படுக்க வையுங்கள், வெளியே கிளம்பும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

குழாயைப் பிரித்திருக்கும்போதே காற்றுத் துளைகளையும் பாருங்கள். பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் வெளியேற அவைதான் வழி. அடைபட்டிருந்தாலோ, துளையே இல்லாத மாடாக இருந்தாலோ, வாயுவின் அழுத்தம் குழாயையே வெடிகுண்டாக்கிவிடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 38 வயது மனிதர் ஒருவர் இறந்தது வேப் கருவி வெடித்துத்தான். தலைக்குள் பாய்ந்த துண்டுகளே சாவுக்குக் காரணம் என்று பிணக்கூறாய்வு சொன்னது. முகத்துக்கு நேரே பிடிக்கும் கருவி என்பதால்தான் துளைகளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் நீளக் குழாய் மாட் வாங்கலாமா?
*வாசகர், கிள்ளான்*

வாங்க வேண்டாம். அப்படி அடுக்கும்போது வோல்ட் கூடி 8.4 ஆகிறது, ஆனால் பேட்டரி தாங்கும் ஆம்ப் கூடுவதில்லை. ஒற்றைப் பேட்டரியில் 14 ஆம்ப் இழுத்த அதே 0.3 ஓம் காயில் இதில் 28 ஆம்ப் இழுக்கும். 20 ஆம்ப் பேட்டரிகளுக்கு இங்கே விளிம்பே 0.42 ஓம். பழைய பழக்கத்தில் ஆட்டோமைசரை மாற்றிப் பூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. இரண்டில் ஒன்று கொஞ்சம் பழையதாகவோ, சார்ஜ் குறைந்ததாகவோ இருந்தால் அது முதலில் வடிந்துவிடும். மற்றது தொடர்ந்து தள்ளும்போது வடிந்ததன் முனைகள் தலைகீழாகி உள்ளே சிதையும். ஏற்கெனவே இத்தகைய மாட் வைத்திருப்பவர்கள், ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகப் பேட்டரிகள் இரண்டுக்கு எண் குறித்து, எப்போதும் சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே கழிக்க வேண்டும்.

மெக் மாடில் பேட்டரி தீர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகர், பர்மிங்ஹாம்*

புகை குறைவதும் காயில் மந்தமாவதும் அறிகுறி. அதற்குமேல் காத்திருக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள், இந்த வேலைக்கு அது கச்சிதம். ஓய்வில் 3.5 அல்லது 3.6 வோல்ட் காட்டினால் சார்ஜுக்குப் போட வேண்டிய நேரம். சில முறை அளந்தால் எத்தனை இழுப்புக்கு அந்த நிலை வருகிறது என்று பழகிவிடும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்து உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து, சார்ஜ் ஏறும்போது உள்-ஷார்ட் உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது. சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் 18650 கிடைக்கிறதே, போடலாமா? சந்தையில் 9900 என்று எழுதிய பேட்டரியும் பார்த்தேன்.
*வாசகர், சுங்கை பட்டாணி*

இரண்டுமே கூடாது. லேப்டாப் பேட்டரி நீண்ட நேரம் மெதுவாகத் தரும் வகை. பானாசோனிக் என்சிஆர்18650பி 3400 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும், ஆனால் 7 ஆம்ப்கூடத் தராது. 0.3 ஓம் காயில் அதனிடம் கேட்பது இரண்டு மடங்கு. 9900 என்பது அச்சிட்ட பொய். 18650 அளவில் அதில் பாதியை எட்டும் நம்பத்தக்க பேட்டரிகூடக் கிடையாது. கொள்ளளவில் பொய் சொன்னவர் ஆம்ப்பில் உண்மை சொல்லியிருக்க மாட்டார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாம்சங், எல்ஜி, சோனியிடமிருந்து இந்தத் தொழிலை வாங்கிய முராத்தா ஆகிய நிறுவனங்கள், உதிரி 18650 பேட்டரிகளை வேப் கருவிகளுக்காகத் தாங்கள் விற்பதில்லை, அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. மேலே நாங்கள் சொன்ன கணக்குகள் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது. மெக் மாடுக்குப் புதியவர் யாராவது எங்களிடம் யோசனை கேட்டால், ஷார்ட் தடுப்பு உள்ள பாக்ஸ் மாடையே சொல்வோம். சிகரெட்டும் வேப்பும் தொடாதவராக இருந்தால் தொடாமலே இருங்கள் என்போம்.

உதிரிப் பேட்டரியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது தவறா?
*வாசகர், ஹாரோ*

மிகத் தவறு. சாவிக்கொத்தோ சில்லறையோ தலையையும் உடம்பையும் சேர்த்துத் தொட்டால் அங்கேயே ஷார்ட். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்திகளில் வந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. அவற்றில் 61, கருவியோ பேட்டரியோ சட்டை அல்லது கால்சட்டைப் பையில் இருந்தபோது நடந்தவை. வாயில் வைத்துப் பயன்படுத்தும்போது நடந்தவற்றின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். பேட்டரிக்கென்று பிளாஸ்டிக் பெட்டி விற்கிறது, அதில் வையுங்கள். விமானத்தில் போகும்போதும் அந்தப் பெட்டியோடு கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பாக்ஸ் மாடில் 0.2 ஓம் போட்டு 50 மில்லிகிராம் சால்ட் ஜூஸ் ஊற்றினேன். தலை சுற்றி வாந்தி வந்தது.
*வாசகர், ஜார்ஜ் டவுன்*

நிகோடின் அளவு மீறியதன் அறிகுறி அது. நிகோடின் உப்பு கலந்த சால்ட் ஜூஸ் சிறு பாட் கருவிகளின் 10, 15 வாட்டுக்காகச் செய்யப்படுவது. 0.2 ஓம் காயில் ஒரு இழுப்பில் அதைவிடப் பல மடங்கு ஜூஸை ஆவியாக்கும். இத்தகைய காயிலுக்கு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடின் வழக்கம். மறுபடி அப்படி வந்தால் உடனே நிறுத்திக் காற்றோட்டமாக உட்காருங்கள். நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். ஜூஸ் பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மலேசியாவிலிருந்து வரும் மாமா எனக்கு ஒரு மெக் மாட் வாங்கி வருவதாகச் சொல்கிறார். கோவையில் வைத்துக்கொள்ளலாமா?
*வாசகர், கோவை*

வேண்டாம் என்று மாமாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019-ல் வந்த மத்தியச் சட்டப்படி இந்தியா முழுவதும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைத்தல் எல்லாம் குற்றம். கொண்டு வருபவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் சிங்கப்பூர் வழியாக வந்தால் அங்கே வைத்திருப்பதே குற்றம்.

பேட்டரி திடீரென்று ‘ஸ்ஸ்’ என்று சத்தமிட்டால் என்ன செய்வது?
*வாசகர், ஸ்கார்பரோ*

அந்தச் சத்தம் வாயு வெளியேறுவது. இனிப்பான கரைப்பான் வாடை வரும், குழாய் வேகமாகச் சூடாகும். உங்களுக்கு இருப்பது சில விநாடிகள். பட்டனை நோண்டாதீர்கள், மூடியைத் திறக்க முயலாதீர்கள். ஆள் இல்லாத பக்கம், கான்கிரீட் அல்லது மண் தரையில் எறிந்துவிட்டு விலகுங்கள். வீட்டுக்குள் என்றால் மற்றவர்களை வெளியேற்றிக் கதவைச் சாத்துங்கள். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும். தீ பிடித்தால் தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். பேட்டரியைக் குளிர்விப்பதே நோக்கம். அணைந்தது போலத் தெரிந்தாலும் மறுபடி பற்றக்கூடும் என்பதால் பல மணி நேரம் வெளியிலேயே கிடக்கட்டும்.

உடம்பில் பட்டுவிட்டால் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். மருத்துவரிடம் ‘லித்தியம் பேட்டரி வெடித்த காயம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீக்காயத்தோடு காரத்தால் உண்டான ரசாயனக் காயமும் சேர்ந்திருக்கலாம். தோலின் பிஎச் அளவைச் சோதித்து அதற்கேற்பக் கழுவ வேண்டியிருக்கும். மற்றவர்கள் சாதாரணத் தீக்காயமாக நினைத்துக் களிம்பு தடவ விடாதீர்கள். எரிந்த பேட்டரியையும், நசுங்கியதையும், வடிந்து போனதையும் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. ஆறிய பிறகு இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய உலோக டப்பாவில் வைத்து, ஊராட்சி அல்லது நகராட்சியின் பேட்டரி சேகரிப்பு மையத்தில் சேதமடைந்தது என்று சொல்லியே கொடுங்கள்.